சுவருக்கு அந்தப் பக்கத்துக் கரண்ட்

அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி, மின்சார ரயில் பெட்டிகள் ஓய்வெடுக்கும் ஷெட்டைத் தாண்டி நடந்தால் நீளமாக ஒரு மதில் சுவர் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸ். எந்த ஃபேக்டரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால், அங்கே வேலை பார்த்து ரிடையரானவர்களில் பத்துப் பேராவது என் வாசலில் வந்து நின்று, நாங்களா கரண்ட்டை அப்படி எரித்தோம் என்று சண்டை பிடிப்பார்கள். எரித்தார்கள். அப்படித்தான் எரித்தார்கள். நான் கண்ணால் பார்த்தவன்.

சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு நேர் எதிரில் என் கிரைண்டர் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மண்ணூர்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றின் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில், பாடியில் ஓர் ஓட்டல்காரர் கழித்துப் போட்ட கிரைண்டரை வாங்கி, மோட்டாரைப் பிரித்துக் கட்டி, கடை போட்டேன்.

அப்போது எங்கள் தெருவில் இட்லி என்பது தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மாப்பிள்ளை வந்தால் அன்றைக்கு. மற்ற நாளெல்லாம் காலையில் பழையதுதான். என் கடைக்கு அரிசி கொண்டு வந்தவர்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள். திருநெல்வேலி, மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் புருஷன் வேலைக்காக வந்தவர்கள். ஊறின அரிசியும் உளுந்தும் போட்ட பாத்திரங்களைக் கடை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். எது யாருடையது என்று அடையாளம் வேண்டுமே! ஒன்றின் மூடிமேல் ஓட்டாஞ்சில்லு, ஒன்றின் பிடியில் சிவப்பு நூல், ஒன்றில் அரிசிக்கு மேலே ஒற்றைப் புளியங்கொட்டை. யாரும் யாருடைய பாத்திரத்தையும் முன்னே நகர்த்த மாட்டார்கள். ரேஷன் கடை வரிசையில்கூட அந்த ஒழுங்கு கிடையாது.

கடைக்கதவுக்கு மேலே மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து, என் முக்காலியிலேயே ஏறி நின்று பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். வீட்டுக்கு ஒரு ரேட், கடைக்கு ஒரு ரேட். என்னுடையது கடை ரேட். அதனால் கண் ஒன்றை மாவிலும் இன்னொன்றை மீட்டர் சக்கரத்திலும் வைத்துத்தான் அரைப்பேன். பதம் வந்த பிறகு கல் ஒரு சுற்று அதிகம் சுற்றினாலும் எனக்கு வயிறு எரியும். "அந்தச் சக்கரத்தப் பாக்கற மாதிரி எம் மொகத்த ஒரு நாளு பாத்துகிறியா நீ?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் முகத்துக்கு யாரும் யூனிட் கணக்கில் பில் போடவில்லையே.

குவார்ட்டர்ஸில் மீட்டரே கிடையாது. வீட்டின் அளவுக்குத் தகுந்தபடி மாதச் சம்பளத்தில் ஒரு சின்னப் பிடித்தம், அதோடு சரி. ஒரு பல்பு போட்டாலும் அதே பிடித்தம், ஊரையே கொளுத்தினாலும் அதே பிடித்தம். அப்புறம் மனுஷன் சும்மா இருப்பானா? ஆற்றிலே போற தண்ணி, அய்யா குடி, அம்மா குடி.

வீட்டுக்கு இரண்டு காயில் ஹீட்டர் வைத்துச் சமைத்தார்கள். மண் தட்டில் கம்பிச் சுருள் சிவக்கச் சிவக்கச் சோறு கொதிக்கும். ரேஷன் கிருஷ்ணாயிலைத் திறந்துகூடப் பார்க்காமல் டின்னோடு வெளியே விற்றார்கள். வாங்கி எரித்தவர்கள் நாங்கள். எங்கள் தெரு விறகுக் கடைக்காரர், குவார்ட்டர்ஸ் பக்கம் இருந்த வியாபாரத்தை மறந்தே போனார். கேட் ஓரத்தில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போட்டவர், உள்ளேயே நாலு வீட்டில் கரண்ட் இஸ்திரி ஓட ஆரம்பித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆவடிப் பக்கம் போய்விட்டார். கரிக்கு அவர் காசு கொடுக்க வேண்டும். கரண்ட்டுக்கு அவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. எப்படிப் போட்டி போடுவார்?

உள்ளே ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைத் தலைவர் என்பார்கள். எந்தச் சங்கத்துக்கும் தலைவர் இல்லை. பேப்பர் படிப்பார், சத்தமாகப் பேசுவார். தலைவராக அது போதும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாட்டுக்கு வழி சொல்லுவார். கரண்ட் மட்டும் சும்மா கிடைத்தால் தொழில் தானாக வளருமாம், பண்டமெல்லாம் விலை இறங்குமாம், ஏழை என்று ஒருவன் இருக்க மாட்டானாம். அவர் வீட்டில் கரண்ட் சும்மாதான் கிடைத்தது. வளர்ந்த தொழில் ஒன்றே ஒன்று: மீன் தொட்டியில் பல்பு போட்டு மீனுக்கு வெயில் காட்டினார். மீன் செத்துப்போனது.

ஆனால் ஒரு வீட்டில் தொழில் நிஜமாகவே வளர்ந்தது. அதுதான் என் தலையில் விழுந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருத்தர். அவர் புருஷனுக்கு ஃபேக்டரியில் பெயின்ட் அடிக்கிற பிரிவில் வேலை. என் கடை வரிசையில் புளியங்கொட்டைப் பாத்திரம் அவருடையதுதான். மாவைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு சுத்து விடுங்க அண்ணாச்சி" என்பார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே விடுவேன். ஒரு நாள் அந்தப் பாத்திரம் வரவில்லை. தவணையில் சொந்தமாக கிரைண்டர் வாங்கிவிட்டார் என்று தெரிந்தது. போகட்டும், ஒரு பாத்திரம்தானே என்று இருந்தேன். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அரிசியையும் அவர் அரைத்தார். அதற்கடுத்த மாதம் அந்த வரிசை முழுக்க. கூலி என்னுடையதில் பாதி.

அவருக்கு ஏன் கட்டுபடி ஆகாது? கல் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அவருக்குக் காற்று வீசுகிற மாதிரிதான். பிறகு அரைத்த மாவையே அண்டாவில் கொண்டுவந்து, காலையில் கேட் ஓரம் உட்கார்ந்து எங்கள் ஊருக்கே விற்க ஆரம்பித்தார். அரிசி உளுந்து விலைக்கு மேலே, என் அரைக்கிற கூலியில் பாதிகூட அவர் வைக்கவில்லை. ஊற வைக்கிற, கழுவுகிற வேலையும் அதற்குள்ளேயே அடக்கம். மாவும் சும்மா சொல்லக்கூடாது, பூ மாதிரி இருக்கும். என் மாவில் மிச்சம் பிடித்த அந்த இரண்டு சுற்று அவர் மாவில் இருந்தது.

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை இட்லி வேக ஆரம்பித்தது. ஏர் ஓட்டின கிழவனும் தோசைக்குச் சட்னி கேட்டான். நாய்க்குக்கூட இட்லித் துண்டு விழுந்தது. எனக்குத்தான் ஒன்றும் விழவில்லை. என் கடை வாசலில் பாத்திரம் மூன்று, நல்ல நாளில் நாலு.

"ஈ ஓட்டறதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு மீட்டரு, அதுக்கு ஒரு பில்லு" என்றாள் என் வீட்டுக்காரி. கடையை மூடிவிட்டுப் பாடியில் லாரி லோடு ஏற்றப் போவது என்று பேசிக்கொண்டோம். மோட்டார் முன்னால் குந்தியே வளைந்த முதுகு என்னுடையது. மூட்டை தூக்கினால் நான் ஒரு மாதம் தாங்க மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடை இருந்தால் பிழைப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த நிலைமையில் இருந்தேன் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

தொண்ணூறுகள் பிறந்த சமயம் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டினார்கள். மொத்தக் குடியிருப்புக்கும் கட்டுகிற பில்லுக்கும் சம்பளத்தில் பிடிக்கிற காசுக்கும் மடுவுக்கும் மலைக்குமாக இடைவெளி என்று ஆடிட்டில் யாரோ பிடித்துவிட்டாராம். மூன்று மாதம் ரீடிங் எடுப்போம், அதைப் பார்த்து மேற்கொண்டு முடிவு சொல்வோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மீட்டர் என்றால் என்னவென்று அந்த ஜனத்துக்குத் தெரியாது. அதுவரை அதோடு குடித்தனம் செய்தவர்கள் இல்லையே. அவர்களுக்குத் தெரிந்த சர்க்காரெல்லாம் ரேஷன் கார்டு. ரேஷனில் ஒரு சட்டம் உண்டு. அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்: இந்த மாதம் எடுக்காத சர்க்கரையை அடுத்த மாதம் வெட்டிவிடுவான். அதனால் வேண்டுமோ வேண்டாமோ, போய் நின்று வாங்கிவிட வேண்டும். இந்தச் சட்டத்தைத் தலைவர் கரண்ட்டுக்குப் பொருத்தினார். டீக்கடையில் அவர் பேசும்போது நான் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"மூணு மாசம் எதுக்குப் பாக்கறான்? ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு தேவைன்னு கோட்டா போடப் போறான். இப்ப மிச்சம் பிடிச்சவன் ஏமாந்தான். இப்ப எரிக்கிறதுதான் நாளைக்கு நம்ம உரிமை."

உரிமை என்றாரே, அதற்கப்புறம் யார் அணைப்பார்கள்? பட்டப்பகலில் வாசல் பல்பு எரிந்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றியது. காயில் ஹீட்டரில் குண்டான் குண்டானாக வெந்நீர் வைத்தார்கள், கொதித்துக் கொட்டினார்கள், மறுபடி வைத்தார்கள். இஸ்திரிப் பெட்டியைச் செங்கல்மேல் நிறுத்திச் சுட வைத்தார்கள். தாய் வீட்டுக்குப் போனவள் எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் வேலை விட்டு வந்த ஆம்பிளைகள் மீட்டருக்குக் கீழே நாற்காலி போட்டு, உன் வீட்டுச் சக்கரமா என் வீட்டுச் சக்கரமா, எது வேகம் என்று பார்த்தார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வீட்டில் இரண்டே பேர், சக்கரம் தேர் மாதிரி அசைந்ததாம். பாவம், கோட்டா குறைச்சலாக விழுந்துவிடும் என்று அடுத்த வீட்டுக்காரர் தன் ஹீட்டரில் ஒன்றை இரவல் கொடுத்தார். தர்மம் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது பாருங்கள்.

அடுத்தவன் நெய்யில் பந்தம் பிடிக்கிற கூட்டம் என்று நான் சிரித்தேன். என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மீட்டர் கேட்டதைக் கொடுக்கிற சாமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது கொடுத்ததை எழுதிவைக்கிற சித்திரகுப்தன் என்றேன்.

"அப்ப போய் சொல்லேன்யா" என்றாள் அவள்.

எனக்கென்ன தலையெழுத்து என்றேன்.

இரண்டாவது மாதம் திருநெல்வேலி அம்மாவின் கிரைண்டர் நின்றுவிட்டது. அந்த வட்டாரத்தில் கிரைண்டர் மோட்டாரைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். வெட்கத்தை விட்டு ஆள் அனுப்பினார். நானும் வெட்கத்தை விட்டுப் போனேன். பெல்ட் தேய்ந்து அறுந்திருந்தது. ஓயாமல் ஓடினால் தேயாமல் என்ன செய்யும்? அரிசி இல்லாத நேரத்திலும் கோட்டாவுக்காக வெறுங்கல்லைச் சுற்றவிட்டிருக்கிறார். கல்லோடு கல் உரசி, உரலின் அடிப்பக்கம் வழுவழுவென்று ஆகியிருந்தது. நல்ல கல். எனக்கே மனசு கேட்கவில்லை.

புது பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது காப்பி கொண்டுவந்து வைத்தார். கதவுக்கு மேலே மீட்டர். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மீட்டரை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க மீட்டர் வச்சுத் தொழில் பண்ணுதிய. உங்களுக்குத் தெரியும். இவுக சொல்லுத மாதிரி எரிக்கணுமா, இல்ல அணைக்கணுமா?"

அந்தக் குவார்ட்டர்ஸ் முழுவதிலும் சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். தலைவருக்குத் தோன்றவில்லை, தஞ்சாவூர்க்காரருக்குத் தோன்றவில்லை. மாவு விற்கிற பொம்பளைக்குத் தோன்றியது. அணைத்துவிடும்மா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்குக் காசு பணம் ஒன்றும் ஆகாது. காப்பியை ஒரு மடக்குக் குடித்தேன்.

"உங்காளுங்க படிச்சவங்கம்மா. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

ஸ்குரூவை முறுக்கி, சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். கல் அழகாகச் சுற்றியது. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்திருப்பார்.

மூன்று மாதம் முடிந்தது. ரீடிங் எடுத்தார்கள். ஆபீசில் கணக்குப் பார்த்தவர் பெரிய மனுஷர், சுலபமாக முடித்துவிட்டார். இனிமேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று காசு. அது போக, மூன்று மாதத்தில் இவ்வளவு எரித்திருக்கிறீர்களே, அப்படியானால் போன வருஷமும் இவ்வளவுதானே எரித்திருப்பீர்கள்? சின்னப் பிடித்தம் போக மீதியை ஒவ்வொரு வீடும் தவணையில் கட்ட வேண்டும், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வோம் என்று நோட்டீஸ் வந்தது. தன் வாயால் கெடுவதற்குத் தவளை என்று ஒரு பிறவியைச் சொல்வார்கள். தன் சுவிட்சால் கெட்டவர்கள் இவர்கள்தான்.

குவார்ட்டர்ஸே ஆபீஸ் வாசலில் போய் நின்றது. நாங்கள் வழக்கமாக இவ்வளவு எரிக்கவில்லை, கோட்டாவுக்காக எரித்தோம் என்று யார் வாய் திறந்து சொல்வது? சொன்னால் அதற்கு வேறு தண்டனை. தலைவரைப் பிடித்துக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் ஒரு அபிப்பிராயம் சொன்னேன். சுவிட்ச் போட்டது உங்க கைதானே?" என்றார். அவரையும் ஒன்றும் சொல்வதற்கில்லை, அதிகமாகப் பிடித்தம் விழுந்த வீடுகளில் அவருடையதும் ஒன்று. தன் பேச்சைத் தானே நம்புகிற தலைவர்கள் அபூர்வம்.

ஒரே மாதத்தில் காயில் ஹீட்டரெல்லாம் பரணுக்குப் போயின. கிருஷ்ணாயில் வெளியே வருவது நின்றது, எங்கள் தெருவில் அதன் விலை ஏறியது. விறகுக் கடைக்காரர் மறுபடி சிரித்தார். திருநெல்வேலி அம்மா கேட் ஓரம் உட்காருவதை நிறுத்தினார். யூனிட்டுக்குக் காசு கொடுத்து, பாதிக் கூலிக்கு அரைத்தால் கைநஷ்டம். விலையை ஏற்றலாம் என்றால், ஓசி மாவு விற்றவள் இப்ப விலை கேட்கிறாளா என்று வாங்குகிறவர்கள் முறுக்கிக்கொண்டார்கள்.

என் கடை வாசலில் பாத்திரம் நிறைந்தது. முன்பு மாதிரி இல்லை, அதைப்போல மூன்று மடங்கு. குவார்ட்டர்ஸ் பெண்கள் திரும்பி வந்தார்கள். அவர்களோடு எங்கள் தெருப் பெண்களும் வந்தார்கள். அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. என் கூலி பழைய கூலிதான், இன்னும் சொன்னால் ஏற்றித்தான் வைத்தேன். அப்படியும் வந்தார்கள். வீட்டுக்காரிதான் விளக்கினாள். இரண்டு வருஷம் செவ்வாய்க்கிழமை இட்லி தின்ன பிள்ளை இனிமேல் பழையது தின்னுமா?

ஆக, என் கடையை நிறைத்தது என் திறமையும் இல்லை, என் பொறுமையும் இல்லை. காசில்லாத கரண்ட்டில் அந்த அம்மா ஊருக்கு உண்டாக்கிய நாக்கு. கரண்ட் போய்விட்டது, நாக்கு போகவில்லை. தலைவர் பேச்சில் பாதி உண்மை இருந்திருக்கிறது. பண்டம் விலை இறங்கினால் ஊர் மாறத்தான் செய்கிறது. கரண்ட் சும்மா கொடுத்தது யாரோ, உழைத்தது அந்த அம்மா, மாறின ஊரில் சம்பாதித்தது நான். சிரிக்கிறவன் பல்லில் கல் இருக்கும் என்று என் வீட்டுக்காரி அடிக்கடி சொல்வாள். அவளாகச் செய்த பழமொழியோ என்னவோ, வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் மீன்பாடி வண்டி ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. வண்டியில் அந்த கிரைண்டர், பக்கத்தில் அந்த அம்மா நடந்து வந்திருந்தார். தவணை முடியவே இன்னும் நாலு மாதம் இருக்கிறதாம், வாங்கிக்கொள்கிறீர்களா என்றார். நான் மோட்டாரைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நான் மாட்டின பெல்ட் அப்படியே இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணாச்சி? அன்னைக்கு உங்களுக்குத் தெரியாமத்தான் அப்படிச் சொன்னியளா?"

வீட்டுக்காரி உள்ளே உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பொய் சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு. வாய் என் ஒரே சொத்து. அன்றைக்கு அது உதவவில்லை.

"தெரியும்மா" என்றேன்.

அவர் ஒன்றும் திட்டவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டிக்கொண்டார், பதம் பார்த்த மாவு எதிர்பார்த்தபடிதான் இருக்கிறது என்பதுபோல. விலை பேசும்போதும் ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. வீட்டுக்காரிதான் வெளியே வந்து, நான் சொன்ன விலையைக் காதில் வாங்காமல், புது கிரைண்டர் விலையைச் சொல்லிக் காசை எடுத்து அவர் கையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

அந்தக் கல்லை என் கல்லுக்குப் பக்கத்திலேயே இறக்கினோம். இரண்டு கல் ஓடினால்தான் வரிசை தீர்ந்தது. சனிக்கிழமை தோறும் புளியங்கொட்டைப் பாத்திரம் வந்தது. முன்னே எடுத்து வைக்கிறேன் என்று வீட்டுக்காரி சொன்னாலும் அவர் விடமாட்டார். வரிசையில் எங்கே வந்ததோ அங்கேதான் நிற்கும். முறை வரும்போது வீட்டுக்காரி அவருடைய அரிசியை அவருடைய பழைய கல்லில்தான் போடுவாள்.

பதம் வந்ததும் அந்த அம்மா விரலால் தொட்டுப் பார்ப்பார். அவர் கேட்காமலே நான் இன்னும் இரண்டு சுற்று விடுவேன். அவர் எனக்கு மேலே கதவுப் பக்கம் பார்ப்பார்.

"போதும், அணைச்சிருங்க அண்ணாச்சி" என்பார். "மீட்டர் ஓடுது."

ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வார். அவர் புருஷன் ரிடையராகி அவர்கள் ஊருக்குப் போகிற வரைக்கும் சொன்னார். நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுந்து போய் அணைத்தேன்.